உள்நாட்டில் தத்தெடுக்க வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தத்தெடுப்பது என்று முடிவு செய்த தம்பதியர் பலர், அடுத்த நாளே உறவினர்களிடமும் நண்பர்களிடமும் "இதற்கு நல்ல வக்கீல் யாரேனும் தெரியுமா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே ஒன்றை மனத்தில் உறுதியாகப் பதித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்காக ஒரு குழந்தையைத் தேடித் தருவது வழக்கறிஞரின் வேலை அன்று. சட்டப்படி உங்களிடம் வரவிருக்கும் குழந்தையின் உரிமையைப் பிற்காலத்தில் எவரும் அசைக்க முடியாதபடி ஆவணங்களாலும் உத்தரவுகளாலும் நிலைநிறுத்துவதே அவர் வேலை. இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் சரியான வழக்கறிஞரை எளிதில் அடையாளம் காண்பார்கள். அறியாதவர்கள் பெரும்பாலும் தரகரின் கையில் சிக்குகிறார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் தொலைபேசியில் பச்சிளங்குழந்தைகளுக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழகத்தையே உலுக்கியது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த குழந்தை கொரோனாவால் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரிக்கப்பட்டு, பின்னர் அக்குழந்தை வேறொரு குடும்பத்திடம் இருந்து மீட்கப்பட்டது. இத்தகைய வழக்குகளில் விற்றவர்கள் மட்டும் கைதாவதில்லை. குழந்தையைப் பெற்றுக்கொண்டவர்களும் குற்றம் சாட்டப்படுகிறார்கள். குழந்தையோ அதுவரை அறிந்த ஒரே வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 80-ஆம் பிரிவு, ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைச் சட்ட நடைமுறைக்கு வெளியே தத்துக் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 81-ஆம் பிரிவின்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் உரிய குற்றம். ஆகவே, "என்னிடம் ஒரு குழந்தை இருக்கிறது, பத்திரம் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கறுப்பு அங்கி அணிந்த ஒருவரே சொன்னாலும், அந்த இடத்தில் மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் உங்கள் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் உள்நாட்டுத் தத்தெடுப்பு ஒரே சட்டத்தின் கீழ் நடப்பதில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் நீங்கள் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வழக்கறிஞர் தேவையா, தேவையென்றால் எத்தகையவர் தேவை என்பது முடிவாகும்.

உறவோ அறிமுகமோ இல்லாத, பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க விரும்புவோருக்கு இருக்கும் வழி, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய தத்து வள ஆணையத்தின் வழி. எல்லோரும் அதைக் காரா என்றே அழைக்கிறார்கள். அதன் கேரிங்ஸ் என்னும் இணையத்தளத்தில் பெற்றோரே நேரடியாகப் பதிவு செய்யலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். வரிசை முறைப்படி குழந்தையின் விவரம் உங்களுக்குக் காட்டப்படும். நீங்கள் ஏற்றுக்கொண்டபின், குழந்தையைப் பராமரிக்கும் சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனம் குழந்தையை முன்தத்து வளர்ப்பு நிலையில், அதாவது தத்து உத்தரவு வரும்வரை வளர்ப்பதற்காக, உங்களிடம் ஒப்படைத்து, தத்து உத்தரவுக்கான மனுவைத் தானே தாக்கல் செய்யும். 2021-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் 2022 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தபின், அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது. இரண்டு மாதங்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்த வழியில் செல்லும் பெரும்பாலான பெற்றோருக்கு வழக்கறிஞர் தேவையே இல்லை. வரிசையில் முன்னே கொண்டுவருகிறேன், காத்திருப்புக் காலத்தைக் குறைக்கிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கும் வழக்கறிஞருக்கு அப்படிச் செய்ய எந்த அதிகாரமும் இல்லை.

இரண்டாவது வழி, அதே சட்டத்தின் கீழ் உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பது. 56-ஆம் பிரிவு இதை எல்லா மதத்தினருக்கும் அனுமதிக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் உறவினர் என்பவர்கள் மிகச் சிலர்: தந்தை வழியிலோ தாய் வழியிலோ பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர் மட்டுமே. நம் குடும்பங்களில் தந்தையின் ஒன்றுவிட்ட தம்பியையும் சித்தப்பா என்றே அழைக்கிறோம், அவர் மடியில்தான் குழந்தை வளர்ந்தும் இருக்கும். ஆனாலும் அந்த உறவை இந்தப் பிரிவுக்குள் அடக்கிவிடலாம் என்று எண்ணி மனுச் செய்யக் கூடாது. பெற்றோரின் ஒப்புதல், ஐந்து வயது நிறைந்த குழந்தையானால் அதன் ஒப்புதல், உறவை நிறுவும் சான்றுகள், பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கேரிங்ஸ் தளத்தில் பதிவேற்றி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக ஆட்சியரிடம் செல்ல வேண்டும். மறுமணம் செய்தவர் தம் துணையின் முந்தைய திருமணத்துக் குழந்தையைத் தத்தெடுப்பதற்கும் ஏறத்தாழ இதே பாதைதான். இவற்றில் ஆவணங்கள் பல. பிரிந்து சென்ற முன்னாள் கணவரின் ஒப்புதல் போன்ற சிக்கல்களும் எழக்கூடும். ஆகவே அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரின் துணை இங்கே பயன் தரும்.

மூன்றாவது வழி, இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு மட்டுமே இது பொருந்தும். பெற்ற தாய் தந்தையர் தம் குழந்தையை நேரடியாகக் கொடுக்க, மற்றொரு குடும்பம் நேரடியாகப் பெற்றுக்கொள்வதும், அதைத் தத்துப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும் இந்த வழியின் நடைமுறை. தமிழ்நாட்டில் உறவுக்குள் நடக்கும் தத்தெடுப்புகளில் இன்றும் பலரும் நாடுவது இதைத்தான். வழக்கறிஞரின் திறமை மிகவும் தேவைப்படுவதும் இங்கேதான். ஏனெனில் இதில் முன்கூட்டியே ஆய்வு செய்யும் அதிகாரியோ உத்தரவிடும் ஆட்சியரோ பொதுவாக இல்லை. பத்திரத்தில் உள்ள குறை, இருபது ஆண்டுகள் கழித்துச் சொத்து வழக்கு ஒன்றில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக் காட்டும்வரை யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்துவிடும்.

இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பத்திரம் எழுதித் தத்தெடுக்க முடியாது. ஒரு காலத்தில் அவர்களுக்கு 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் ஒன்றே கதி. அதன்படி கிடைத்த உரிமை, குழந்தைக்கு 18 வயது ஆனதும் முடிந்துவிடும். இன்று அந்த நிலை இல்லை. எந்த மதத்தைச் சேர்ந்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவத் தம்பதிக்கு இந்துச் சட்டத்தின்படி தத்துப் பத்திரம் எழுதித் தர முன்வரும் வழக்கறிஞரோ பத்திர எழுத்தரோ அவர்கள் கையில் கொடுப்பது செல்லாத ஒரு காகிதத்தைத்தான்.

எங்கே தேடுவது?

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் வழக்கறிஞர்கள் தங்கள் தொழிலை விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. ஆகவே சமூக ஊடகங்களில் "தத்தெடுப்பு உதவிக்கு அணுகவும்" என்று குழந்தையின் படத்தோடு வரும் அறிவிப்புகளை நம்பித் தேடத் தொடங்க வேண்டாம். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒருமுறை நேரில் சென்று பேசுவது நல்ல தொடக்கம். அங்கே சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் என்றொரு பதவி உண்டு. தத்து மனுக்கள் எப்படி வருகின்றன, எந்தக் குறைகளால் திரும்புகின்றன என்பதை அன்றாடம் பார்ப்பவர் அவர். ஒரு தனி வழக்கறிஞரை அவர் பரிந்துரைக்க மாட்டார், பரிந்துரைக்கவும் கூடாது. ஆனால் உங்கள் நிலைக்கு எந்த வழி பொருந்தும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றால், பின்னர் வழக்கறிஞர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கும்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் மறந்துவிடக் கூடாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். ஏற்கெனவே தத்தெடுத்த பெற்றோர் உங்களுக்கு அறிமுகமாக இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். ஆனால் அவர்கள் சென்ற வழியும் உங்கள் வழியும் ஒன்றுதானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காரா வழியில் குழந்தையைப் பெற்றவர் பாராட்டும் வழக்கறிஞருக்குத் தத்துப் பத்திரம் எழுதிய பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

பத்திர எழுத்தரைப் பற்றியும் ஒரு சொல். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிரயப் பத்திரம் எழுதுபவரிடமே தத்துப் பத்திரத்தையும் எழுதி முடித்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. நில விற்பனையில் அவர் கைதேர்ந்தவராக இருக்கலாம். பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதித் தருவதோடு அவர் பணி முடிந்துவிடுகிறது. தத்துக்கான தகுதிகள் இரு தரப்புக்கும் உள்ளனவா என்று ஆராயும் பொறுப்பு அவருக்கு இல்லை. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் உங்களுக்கு வழக்கறிஞர் தேவை.

பெயர் கிடைத்ததும், அவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நேர்மையான வழக்கறிஞர் தயங்காமல் சொல்வார், பெரும்பாலும் அவருடைய முத்திரையிலேயே அது இருக்கும். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரை இட்டு, அவர் எத்தகைய வழக்குகளில் முன்னிலையாகிறார் என்றும் ஓரளவு அறியலாம்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது?

"தத்தெடுப்பு வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். அதனால் பயன் இல்லை. உங்கள் குடும்ப நிலையை முழுமையாகச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். என் கருத்தில், வழக்கறிஞரின் தகுதியை அவர் தரும் பதில்களைவிட அவர் கேட்கும் கேள்விகளே தெளிவாகக் காட்டிவிடும்.

இந்துச் சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்க நினைக்கும் தம்பதியிடம் அவர் கேட்டே ஆகவேண்டிய முதல் கேள்வி, உங்களுக்கு ஏற்கெனவே குழந்தைகள் உண்டா, ஆணா பெண்ணா என்பது. 11-ஆம் பிரிவின்படி மகனோ மகன் வழிப் பேரனோ கொள்ளுப்பேரனோ உயிரோடு இருக்கும்போது ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கும்போது பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. இறந்துபோன தம்பியின் மகனை வளர்க்க விரும்பும் அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருந்தால், அந்தத் தத்துப் பத்திரம் பதிவானாலும் சட்டத்தில் நிற்காது. அதே அண்ணன் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் உறவினர் தத்துக்கு மனுச் செய்யலாம். இந்த ஒரு புள்ளியில் சரியான வழியைக் காட்டத் தெரிந்தவர், இரு சட்டங்களையும் படித்தவர். உங்கள் வீட்டில் மகன் இருப்பதைக் கேட்ட பிறகும் முத்திரைத்தாள் வாங்கி வரச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

குழந்தையின் வயதை அவர் கேட்க வேண்டும். மரபு வழக்கம் வேறாக இருந்தாலன்றி, 15 வயது நிறைந்தவரை இந்துச் சட்டப்படி தத்தெடுக்க இயலாது. பெண் குழந்தையை ஆணோ, ஆண் குழந்தையைப் பெண்ணோ தத்தெடுக்கும்போது இருவருக்கும் இடையே குறைந்தது 21 வயது வேறுபாடு இருக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தில் தனித்து வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. இவற்றை அவர் நூலைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை. பார்க்காமல் தவறாகச் சொல்வதைவிட அது நூறு மடங்கு மேல்.

அடுத்து, குழந்தையைக் கொடுப்பவர் யார் என்பதை அவர் துருவிக் கேட்க வேண்டும். பெற்றோர் இருவரையும் விபத்தில் இழந்த குழந்தையைப் பாட்டி வளர்த்து வருகிறார், தாய்மாமன் தத்தெடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியே கையெழுத்திட்டுத் தத்துக் கொடுத்துவிடலாம் என்று குடும்பம் எண்ணும். ஆனால் பாதுகாவலர் ஒருவர் தத்துக் கொடுக்க வேண்டுமானால், இந்துச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற பிறகுதான் தத்துக் கொடுக்கலாம். வரிசை மாறினால் எல்லாம் வீண். தாய் மட்டும் இருந்து தந்தை எங்கோ பிரிந்து வாழ்கிறார் என்றால் அவருடைய ஒப்புதலும் தேவை. "அவர் வரமாட்டார், விட்டுவிடலாம்" என்று சொல்லும் வழக்கறிஞர் இன்றைய ஒரு சிரமத்தைத் தவிர்த்து, நாளை குழந்தையின் தலையில் ஒரு வழக்கை ஏற்றி வைக்கிறார்.

ஒப்புதல் என்பது எவ்வளவு கடுமையாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இரண்டு தீர்ப்புகளை நினைவில் கொள்வது நல்லது. கணவர் தத்தெடுக்கும்போது மனைவி அந்த இடத்தில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து அவர் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 மார்ச்சில் வந்த மற்றொரு தீர்ப்பு நெஞ்சைச் சுடுவது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த பெண் அவர். பள்ளிச் சான்றிதழ்களிலும் பிற ஆவணங்களிலும் வளர்த்தவர்களின் பெயரே பெற்றோர் பெயராக இருந்தது. வளர்ப்புத் தந்தை இறந்தபின் வளர்த்த தாயே தத்தெடுப்பு நடக்கவில்லை என்று மறுத்தார். குழந்தையைக் கொடுத்துப் பெற்ற நிகழ்வுக்கும் மனைவியின் சம்மதத்துக்கும் சான்று இல்லை என்பதால், அந்தப் பெண்ணால் தத்து மகள் என்ற நிலையை நிறுவ முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் மகளாக வாழ்ந்தவரைச் சட்டம் மகளாக ஏற்கவில்லை. பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டோம், ரேஷன் அட்டையில் சேர்த்துவிட்டோம், இது போதும் என்று நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதை அறிய வேண்டும்.

ஆகவே வழக்கறிஞரிடம் இதை நேராகக் கேளுங்கள்: "கொடுத்துப் பெற்றதை எப்படிப் பதிவு செய்வீர்கள்?" தத்தெடுப்புச் சடங்காக வளர்க்கும் வேள்வியான தத்த ஹோமம் செய்தே ஆகவேண்டும் என்று இந்துச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் குழந்தையை உண்மையாகவே கொடுக்கவும் பெறவும் வேண்டும் என்கிறது. பத்திரத்தில் நாள், இடம், அங்கே இருந்தவர்கள், இரு தரப்பின் சம்மதம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவது, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்வது, உறவினரையும் ஊராரையும் சாட்சிகளாக வைப்பது, நிகழ்வைப் படம் எடுத்து வைப்பது என்று அவர் விளக்கினால் நம்பிக்கை கொள்ளலாம். பதிவு செய்த பத்திரத்துக்கு 16-ஆம் பிரிவு ஒரு வலுவைத் தருகிறது. தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு உரியது. ஆனாலும் அந்த அனுமானம் உடைக்கப்படக் கூடியதே. அதை உடைக்க நடந்த வழக்குகளில் வாதாடிய அனுபவம் உள்ள உரிமையியல் வழக்கறிஞர், பத்திரம் எழுதும்போதே அந்த ஓட்டைகளை அடைத்துவிடுவார். குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகள் மட்டும் நடத்துபவரைவிட, சொத்து மற்றும் வாரிசுரிமை வழக்குகள் நடத்தியவரை இந்த வழிக்கு நான் விரும்புவேன்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் உறவினர் தத்தோ மறுமணத் துணையின் குழந்தைக்கான தத்தோ எனில், சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு. "மனுவை எங்கே தாக்கல் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். குடும்ப நல நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ என்று பதில் வந்தால், அவர் 2022-க்குப் பிறகு சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள். கேரிங்ஸ் பதிவு, 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆட்சியர் என்ற வரிசையை அவர் தாமாகவே சொல்ல வேண்டும்.

தத்து ஒருமுறை செல்லுபடியாகிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதை எச்சரிக்காத வழக்கறிஞரையும் நான் ஏற்க மாட்டேன். இந்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. பெற்ற பெற்றோர் மீட்டுக்கொள்ள முடியாது, தத்தெடுத்தவர் கைவிட முடியாது, குழந்தையும் பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. உணர்ச்சி வேகத்தில் வந்த தம்பதியை நிறுத்தி, இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, இன்னும் சில நாள் யோசித்து வாருங்கள் என்று அனுப்பி வைப்பவர் நல்ல வழக்கறிஞர்.

கட்டணம்

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆலோசனைக்கு எவ்வளவு, பத்திரம் எழுதுவதற்கு எவ்வளவு, நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டால் அதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசு நிர்ணயித்தவை. அவற்றுக்கு ரசீது உண்டு, அதை உங்களிடம் தர வேண்டும். காரா வழியில் வீட்டு ஆய்வுக்கும் குழந்தை பராமரிப்புக்குமான தொகைகளை ஒழுங்குமுறைகளே வரையறுத்துள்ளன. அவற்றை உரிய நிறுவனத்துக்கு மட்டுமே செலுத்த வேண்டும், வழக்கறிஞர் வழியாக அன்று.

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. "இப்போது பாதி, குழந்தை கைக்கு வந்ததும் மீதி" என்ற பேச்சு எழும்போது, அது சட்டப் பணிக்கான கட்டணமா குழந்தைக்கான விலையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தத்தை முன்னிட்டு எவரும் பணமோ வெகுமதியோ கொடுப்பதையும் பெறுவதையும் குற்றமாக்கி, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆட்சியரிடம் செல்லும் மனுவிலும், அனுமதிக்கப்பட்ட தொகையைத் தவிர வேறு பணம் கைமாறவில்லை என்று அவர் நிறைவு கொண்ட பின்பே உத்தரவு பிறக்கும். குழந்தையைப் பெற்ற தாயின் மருத்துவச் செலவுக்கு அன்போடு கொடுத்த தொகைகூடப் பின்னர் வேறு பெயரில் பேசப்படலாம். இந்த விஷயத்தில் உங்களைத் தடுத்து நிறுத்தும் வழக்கறிஞர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

குழந்தையைக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வழக்கறிஞர்

இதைப் பெரும்பாலானோர் நினைத்துப் பார்ப்பதில்லை. தத்துக் கொடுக்கும் பெற்றோர் பல நேரங்களில் வறுமையிலோ துயரத்திலோ உறவினரின் நெருக்குதலிலோ இருப்பார்கள். பெறுபவரின் வழக்கறிஞரே அவர்களிடமும் "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்வது அறமும் அன்று, பாதுகாப்பும் அன்று. நாளை அந்தத் தாய், தனக்கு என்னவென்று புரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று சொன்னால் பத்திரத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். அவர்களுக்குத் தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். செலவு ஒரு தடையாக வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தத் தாய்க்கு இலவசமாகவே வழக்கறிஞரை நியமிக்கும். உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டால் நேர்மையானவர். "அதெல்லாம் எதற்கு, காரியம் கெட்டுவிடும்" என்றால் எந்தக் காரியம் கெடும் என்று கேளுங்கள்.

வளர்க்க இயலாத நிலையில் இருக்கும் முன்பின் அறியாத ஒரு தாயைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்தால், அவருக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி, ஒப்படைக்கப்படும் குழந்தைகளைச் சட்டப்படி ஏற்கும் குழந்தைகள் நலக் குழுவை அவர் அணுகும்படி செய்வது. அங்கே குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு மனம் மாறி மீட்டுக்கொள்ள இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறது. தனிப்பட்ட பேரத்தில் அந்தத் தாய்க்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வழி தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

வழக்கறிஞரிடம் பணியை ஒப்படைத்த பின்பும் கவனிக்க வேண்டியவை

வழக்கறிஞரை முடிவு செய்து வக்காலத்திலோ ஒப்பந்தத்திலோ கையெழுத்திட்டதோடு உங்கள் பங்கு முடிந்துவிடுவதில்லை. வெற்றுத் தாளிலும் நிரப்பாத முத்திரைத்தாளிலும் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மூல ஆவணங்களைக் காட்டிவிட்டு நகல்களை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பத்திரத்தின் வரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீங்களும் உங்கள் துணைவரும் தனித்தனியாகப் படியுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்து உங்களுக்குப் புரியவில்லையென்றால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பெயர்களின் எழுத்துகள், பிறந்த தேதி, முகவரி ஆகியவை பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஒரு முதலெழுத்து மாறியதால் கடவுச்சீட்டு அலுவலகத்தில் அலைய நேர்ந்த குடும்பங்கள் பல.

சொத்துக் குறித்து அவரிடம் எழுத்தில் விளக்கம் பெறுங்கள். தத்தெடுத்த நாள் முதல் குழந்தை உங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய உரிமைகளைப் பெறுகிறது. ஆனால் தத்துக்கு முன்பே வேறொருவருக்கு உரிமையாகிவிட்ட சொத்தை அது பறிக்காது. குழந்தைக்குத் தத்துக்கு முன்பே உரிமையாகியிருந்த சொத்தும் அதனிடமே இருக்கும். இந்த இரண்டையும் உங்கள் குடும்ப நிலையோடு பொருத்தி விளக்கி வைத்தால், பங்காளிகள் பின்னர் எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் கையிலேயே இருக்கும்.

வழக்கறிஞர் தொழில் நெறி தவறி நடந்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் புகார் அளிக்கலாம். அதற்காகவே ரசீதுகளையும் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள். இடையில் அவரை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. சங்கடத்துக்கு அஞ்சித் தவறான கைகளில் கோப்பை விட்டுவைக்காதீர்கள்.

பணி முடியும்போது அவரிடமிருந்து பெற வேண்டியவற்றை முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. பதிவு செய்த தத்துப் பத்திரத்தின் மூலம் அல்லது ஆட்சியரின் உத்தரவின் சான்றிட்ட நகல், நீதிமன்ற அனுமதி பெற்றிருந்தால் அந்த உத்தரவின் நகல், ஒப்புதல் பத்திரங்கள், நிகழ்வின் படங்கள், சாட்சிகளின் விவரம் ஆகியவை உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தத்துப் பெற்றோரின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கான விண்ணப்பத்தையும் அவர் பணியில் சேர்த்தே பேசுங்கள். பலர் பத்திரத்தோடு நின்றுவிட்டு, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில்தான் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறார்கள். அதற்குள் கொடுத்தவர் ஊர் மாறியிருப்பார், பத்திரம் எழுதியவர் தொழிலை விட்டிருப்பார். எல்லா ஆவணங்களின் நகல்களையும் இரண்டு தொகுப்புகளாக்கி, ஒன்றை வங்கிப் பெட்டகத்திலோ நம்பகமான உறவினரிடமோ வைத்துவிடுங்கள்.